கேளிக்கைப் பூங்காப் பயணம்: எங்கே தங்குவது?

விடுமுறைப் பயணம் திட்டமிடும் குடும்பங்கள் முதலில் பூங்காவைத் தீர்மானிக்கின்றன. அடுத்து ரயில் அல்லது விமான இருக்கை. தங்கும் அறை கடைசியில்தான் பேச்சுக்கு வருகிறது. அதுவும் ‘இரவில் உறங்கத்தானே’ என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடுகிறது. ஊர் திரும்பிச் செலவுக் கணக்கை எழுதிப் பார்க்கும்போது, நுழைவுச்சீட்டுக்கு ஈடாகவோ அதைவிட மிகுதியாகவோ பணத்தை எடுத்துக்கொண்டது அந்த அறைதான் என்பது தெரியவரும்.

தொடர் வைப்புக் கணக்கில் மாதம் 3,000 ரூபாய் சேர்த்துவரும் குடும்பத்திடம் ஆண்டு முடிவில் 36,000 ரூபாயும் அதற்குரிய வட்டியும் இருக்கும். ஐவர் அடங்கிய பயணத்துக்கு அது தாராளமான தொகையன்று. அதற்குள் பிள்ளைகளும் மகிழ வேண்டும். பாட்டியும் உடன் வர வேண்டும். வந்தவர் அறையிலேயே முடங்கிக் கிடக்காமலும் இருக்க வேண்டும். இவை மூன்றும் கைகூடுமா என்பதைப் பெரும்பாலும் தங்குமிடமே முடிவுசெய்கிறது. எனவே இப்பாடத்தில் நம் நாட்டின் மூன்று பூங்காக்களை எடுத்துக்கொண்டு, அறையைத் தேர்வது எப்படி என்று பார்ப்போம். கணக்குக்கு ஒரு குடும்பத்தையும் கற்பனை செய்துகொள்வோம்: கணவன், மனைவி, ஒன்பது வயது மகள், நான்கு வயது மகன், எழுபதைத் தொட்ட பாட்டி. கீழே வரும் அறை வாடகை, வண்டிக் கட்டணம், நுழைவுக் கட்டணம் ஆகியவை கணக்குக்காக நாம் வைத்துக்கொண்ட தொகைகளே. அன்றன்றைய விலை அவரவர் விசாரித்து அறிய வேண்டியது.

தொலைவும் நேரமும்

பெங்களூரு வொண்டர்லா பூங்கா 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. மைசூரு சாலையில் பிடதிக்கு அருகே, நகரிலிருந்து ஏறத்தாழ 28 கிலோமீட்டரில் இருக்கிறது. இருபத்தெட்டு கிலோமீட்டர் என்றதும் ‘பெங்களூரில் எங்கே தங்கினாலும் ஒன்றுதான்’ என்று தோன்றும். அந்த ஊரின் போக்குவரத்தை அறிந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். பூங்கா நகரின் தென்மேற்கில் உள்ளது. கணினி நிறுவனங்கள் நிறைந்த ஒயிட்ஃபீல்டு கிழக்குக் கோடியில் உள்ளது. ஒயிட்ஃபீல்டில் தங்குபவர் நகரம் முழுவதையும் குறுக்கே கடந்த பிறகுதான் அந்த 28 கிலோமீட்டரைத் தொடங்கவே முடியும்.

மெட்ரோ ரயிலின் ஊதா வழித்தடம் ஒயிட்ஃபீல்டிலிருந்து சல்லகட்டா வரை, சுமார் 43 கிலோமீட்டர், ஒரே தடமாக ஓடுகிறது. சல்லகட்டா மைசூரு சாலைப் பக்கம் இருப்பதால் நெரிசலைத் தவிர்த்து அங்குவரை வந்துவிடலாம். அதன்பின் பேருந்தோ வாடகை வண்டியோ பிடிக்க வேண்டும். மெட்ரோவை நம்பிச் செல்வோர் கெங்கேரி, மைசூரு சாலைப் பகுதிகளில் அறை எடுத்தால் காலைப் பொழுது மிஞ்சும்.

நேரத்தையும் பணமாக மாற்றிப் பார்ப்பது நல்ல பயிற்சி. வொண்டர்லா காலை 11 மணியளவில் திறந்து மாலை 6 மணியளவில் மூடுகிறது. ஏழு மணி நேரம். ஐவருக்கும் நுழைவு 6,000 ரூபாய் ஆனது என்று கொண்டால், பூங்காவுக்குள் கழிக்கும் ஒவ்வொரு மணிக்கும் நாம் ஏறத்தாழ 850 ரூபாய் கொடுத்திருக்கிறோம். நகரின் மறுகோடியில் அறை வாடகை 800 ரூபாய் குறைவு என்று தங்கிவிட்டு, நெரிசலில் சிக்கி ஒரு மணி நேரம் தாமதமாக நுழைந்தால், மிச்சம் பிடித்தது அங்கேயே தீர்ந்துபோகிறது.

பூங்காவை ஒட்டியே அதே நிறுவனம் நடத்தும் தங்கும் விடுதியும் உண்டு. சிறு பிள்ளைகளோடு இரு நாள் பூங்காவிலேயே கழிக்க எண்ணுவோருக்கு அது வசதி. ஒரே நாள்தான் என்றால், 11 மணிக்குத் திறக்கும் பூங்காவுக்காக வாசலிலேயே படுத்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. பிடதி தட்டே இட்லிக்குப் பேர்போன ஊர். காலையில் நிதானமாகப் புறப்பட்டு அங்கே சிற்றுண்டி முடித்துக்கொண்டாலும் வாயில் திறக்கும் நேரத்துக்குச் சரியாக இருக்கும்.

உள்ளேயா, வெளியேயா?

ஐதராபாத்துக்கு அருகே விஜயவாடா நெடுஞ்சாலையை ஒட்டி 1996ஆம் ஆண்டு உருவான ராமோஜி ஃபிலிம் சிட்டியின் பரப்பு 1,666 ஏக்கர். உலகின் மிகப்பெரிய திரைப்படப் படப்பிடிப்பு வளாகம் என்று கின்னஸ் ஏட்டில் இடம்பெற்றது. இங்கே தங்குமிடக் கேள்வி வேறு வடிவம் எடுக்கிறது. ஏனெனில் வளாகத்துக்குள்ளேயே பல தரங்களில் விடுதிகள் உள்ளன: உயர்தர சிதாரா, நடுத்தர தாரா, சிக்கன வகையான சாந்திநிகேதன் முதலியவை. அறை, நுழைவு, சுற்றிக்காட்டல், உணவு ஆகியவற்றைச் சேர்த்து ஒரே தொகையாகவும் விற்கிறார்கள்.

‘உள்ளே தங்கினால் வண்டிச் செலவு மிச்சம்’ என்பதே பலரும் சொல்லும் காரணம். இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இரவு ரயிலில் வந்து இறங்கும் நம் குடும்பம் ஓர் இரவு தங்கி மறுநாள் இரவு ரயிலில் திரும்புகிறது. நகரில் எல்.பி. நகர் பக்கம் அறை ஒன்று 3,000 ரூபாய் என்று கொள்வோம். இரண்டு அறைக்கு 6,000, வரி 5 விழுக்காடு 300, ஆக 6,300. பூங்காவுக்குப் போகவும் வரவும் வண்டிக்கு 3,000. மொத்தம் 9,300 ரூபாய். உள்ளே அறை ஒன்று 6,500 என்று வைத்தால் இரண்டுக்கு 13,000, வரி 650, ஆக 13,650. வண்டி? ரயில் நிலையத்திலிருந்து பெட்டி படுக்கையோடு உள்ளே போக ஒரு முறை, மறுநாள் வெளியே வர ஒரு முறை. அதே 3,000. மொத்தம் 16,650 ரூபாய்.

அதாவது, ஒரு நாள் மட்டுமே பார்ப்பதாக இருந்தால், உள்ளே தங்குவதால் வண்டிச் செலவில் ஒரு ரூபாயும் குறையவில்லை. கூடுதலாகக் கொடுக்கும் 7,350 ரூபாய்க்கு நாம் வாங்குவது வேறு ஒன்றை: நாள் முழுவதும் அலைந்த பிள்ளைகளைத் தூக்கச் சடவோடு நகரத்துக்கு இழுத்துவராமல் இருப்பதையும், பாட்டிக்கு நண்பகலில் சாய்ந்துகொள்ள ஒரு கட்டிலையும். சில குடும்பங்களுக்கு இது அந்த விலைக்கு முற்றிலும் தகும். பாட்டி வராமல், பிள்ளைகளும் வளர்ந்தவர்களாயிருந்தால், அதே தொகையில் கோல்கொண்டா கோட்டையும் சாலார் ஜங் அருங்காட்சியகமும் பார்த்து, வயிறாரப் பிரியாணியும் உண்டு வரலாம்.

இரு நாள் உள்ளே செலவிடும் குடும்பத்துக்குக் கணக்கு மாறும். நகரில் தங்கினால் வண்டி நான்கு முறை ஓட வேண்டும். உள்ளே தங்கினால் இரண்டே முறை. இத்தகைய பெரிய வளாகத்தில் விடுதிக்கும் காட்சியிடங்களுக்கும் இடையே நடந்து போக இயலாது. வளாகப் பேருந்தைச் சார்ந்தே இருக்க வேண்டும். ஆகவே ‘நண்பகலில் அறைக்குத் திரும்ப வண்டி உண்டா, எத்தனை மணிக்கு ஒரு முறை?’ என்று பதிவு செய்யும் முன்னரே கேட்டுவிட வேண்டும். இதற்கு ‘இல்லை’ என்ற பதில் வந்தால், பாட்டிக்காக உள்ளே தங்குகிறோம் என்ற காரணமே விழுந்துபோகும்.

ஐதராபாத்திலும் திசை முக்கியம். பூங்கா நகருக்குக் கிழக்கே. ஹைடெக் சிட்டி, கச்சிபௌலி எல்லாம் மேற்கே. மேற்கிலிருந்து வெளிவட்டச் சாலையைப் பிடித்து நகரைச் சுற்றி வரலாம். கிலோமீட்டர் கூடும், சுங்கமும் உண்டு, ஆனால் நகருக்குள் ஊர்ந்துவருவதைவிட மேல். நாம்பள்ளியில் இறங்குவோருக்கு மெட்ரோவின் சிவப்புத் தடம் எல்.பி. நகர் வரை வருகிறது.

மலையின் மேலா, அடியிலா?

மூன்றாவது, மும்பைக்கும் புனேவுக்கும் இடையே கோப்போலி அருகில் 2013இல் திறக்கப்பட்ட இமேஜிகா. கேளிக்கைப் பூங்கா, நீர்ப்பூங்கா, பனிப்பூங்கா எனத் தனித்தனியாக அமைந்துள்ளது. ஒன்றை மட்டும் பார்ப்போர் மும்பையிலிருந்தே காலையில் போய் இரவில் திரும்பிவிடலாம். கேளிக்கைப் பூங்கா ஒரு நாள், நீர்ப்பூங்கா ஒரு நாள் என்போருக்கே அருகில் அறை பயன்படும்.

வரைபடத்தைப் பார்த்து லோனாவாலாவில் அறை எடுப்போர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். லோனாவாலா போர் கணவாயின் மேலே உள்ளது. கோப்போலி மலையடிவாரத்தில் உள்ளது. ஒவ்வொரு நாளும் மலைச்சாலையில் இறங்கி ஏற வேண்டும். மழைக்கால வார இறுதிகளில் மும்பை, புனே மக்கள் அருவிகளையும் மூடுபனியையும் காண அங்கே திரள்வதால் கணவாய்ச் சாலை ஊர்ந்து நகரும். புனேவிலிருந்து வருவோர்க்கு லோனாவாலா வழியிலேயே இருப்பதால் பொருந்தும். மும்பையிலிருந்து வருவோர் மலையேறிப் போய் மறுபடி இறங்கிவர வேண்டியதில்லை.

உறவினர் வீடு

நம் நாட்டில் பயணம் போவோர்க்கு விடுதிக்கு முன்பே நினைவுக்கு வருவது சித்தப்பா வீடோ அத்தை வீடோதான். இதில் தவறு ஏதுமில்லை; பார்த்துப் பல ஆண்டான சொந்தத்தைக் காண்பதே பயணத்தின் பாதிப் பயன் என்று கருதுவோரும் உண்டு. ஆயினும் பூங்காவுக்குப் போகும் நாளுக்கு முந்தைய இரவை அங்கே வைப்பது அவ்வளவு பொருந்துவதில்லை. பேச்சு நள்ளிரவு வரை நீளும். காலையில் ‘ஒரு வாய் சாப்பிட்டுப் போங்கள்’ என்ற அன்பை மறுக்கவும் இயலாது. பூங்கா நாளை முதலில் முடித்துவிட்டு அடுத்த இரவு உறவினர் வீட்டில் தங்குவதே இருதரப்புக்கும் இனிது என்பது நம் கருத்து.

7,500 என்ற கோடு

விடுதி அறைக்கான சரக்கு மற்றும் சேவை வரியைப் பலரும் பில் கைக்கு வந்த பிறகே கவனிக்கின்றனர். 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் அறைக்கு ஒரு நாள் மதிப்பு 7,500 ரூபாய் வரை இருந்தால் வரி 5 விழுக்காடு. அதற்கு முன் 12 விழுக்காடாக இருந்தது. 7,500ஐத் தாண்டினால் 18 விழுக்காடு. தாண்டிய பகுதிக்கு மட்டுமன்று, முழுத் தொகைக்கும் 18.

7,400 ரூபாய் அறைக்கு வரி 370; மொத்தம் 7,770. 7,600 ரூபாய் அறைக்கு வரி 1,368, மொத்தம் 8,968. வாடகையில் வேறுபாடு 200 ரூபாய். கையை விட்டுப் போவதில் வேறுபாடு 1,198 ரூபாய். கூடுதல் படுக்கைக்கு வாங்கும் கட்டணமும் அந்த அறையின் மதிப்போடு சேரும் என்பதால், 7,000 ரூபாய் அறையில் ஆயிரம் ரூபாய்ப் படுக்கை ஒன்றைச் சேர்த்தாலே கோட்டைத் தாண்டிவிடுவோம். விடுமுறைக் காலத்தில் நாளுக்கு ஒரு விலை வைக்கும் விடுதிகளில், செவ்வாய்க்கிழமை 5 விழுக்காட்டில் இருந்த அதே அறை சனிக்கிழமை 18க்குப் போவதும் நிகழ்கிறது. பள்ளி விடுமுறையில் எல்லா நாளும் ஒன்றுதானே என்று சனி, ஞாயிறை எடுப்போர் இதை எண்ணிப் பார்க்கலாம். வாரநாளில் பூங்காவிலும் வரிசை சிறிதாக இருக்கும்.

உணவுக்கும் இதன் தொடர்ச்சி உண்டு. முந்தைய நிதியாண்டில் ஏதேனும் ஓர் அறையை 7,500 ரூபாய்க்கு மேல் கொடுத்த விடுதியின் உணவகத்தில் வரி 18 விழுக்காடு. மற்ற உணவகங்களில் பொதுவாக 5. நம் அறை 6,500 ரூபாய்தான் என்றாலும், அந்த விடுதியில் விலை மிகுந்த அறைகளும் இருந்தால், நாம் உண்ணும் தோசைக்கு 18 விழுக்காடு விழும்.

உணவுத் திட்டங்களின் சுருக்கெழுத்துகளையும் தெரிந்துகொள்வது நலம். ஈ.பி. என்றால் அறை மட்டும். சி.பி. என்றால் அறையும் காலை உணவும். எம்.ஏ.பி. என்றால் காலை உணவோடு இன்னொரு வேளை. ஏ.பி. என்றால் மூன்று வேளையும். பூங்காவுக்குப் போகும் நாளில் நண்பகல் உணவு பூங்காவுக்குள்தான் நிகழும். வெளியுணவைப் பெரும்பாலான பூங்காக்கள் உள்ளே விடுவதுமில்லை. ஏ.பி. எடுத்தவர் உண்ணாத ஒரு வேளைக்கும் பணம் கட்டியவராகிறார். பிள்ளைகளும் முதியவரும் உள்ள வீட்டுக்குச் சி.பி. பெரும்பாலும் போதும், வெளியில் கடையே இல்லாத வளாகமானால் எம்.ஏ.பி.

பாட்டியின் அறை

விளம்பரப் படங்களில் நீச்சல் குளம் இருக்கும். குளியலறைத் தரை இருக்காது. முதியவருக்குத் தேவையானது அந்தத் தரைதான். வழுக்காத தரையா, மேலைக் கழிப்பறையா, கைப்பிடி உண்டா, மின்தூக்கி அறை வரை போகிறதா, இல்லையெனில் தரைத்தளத்தில் அறை தருவார்களா என்பனவற்றைத் தொலைபேசியில் கேட்டுவிட வேண்டும். வெந்நீர் நாள் முழுவதும் வருமா என்பதும் அவ்வாறே. காலை சில மணி நேரம் மட்டும் வெந்நீர் தரும் விடுதியில், நீர்ப்பூங்காவில் நனைந்து மாலை ஆறரைக்கு நடுங்கியபடி வரும் நான்கு வயதுப் பிள்ளையைக் குளிப்பாட்ட இயலாது. ஈர உடைகளை உலர்த்த ஒரு பால்கனியோ கொடியோ இருந்தால் அதுவும் ஒரு கூடுதல் மதிப்பெண்.

அறைகளின் எண்ணிக்கையில்தான் சச்சரவு எழும். ‘குழந்தைக்குக் கட்டணமில்லை’ என்ற சொல்லுக்கு விடுதிக்கு விடுதி வயது வேறு; கூடுதல் படுக்கை கேட்டால் அந்த இலவசமும் போகும். ரயிலில் ஐந்து வயதுக்கு உட்பட்டோர்க்குத் தனிப் படுக்கை கேட்காவிடில் கட்டணமில்லை. ஐந்து முதல் பன்னிரண்டுக்கு உட்பட்டோர்க்குப் படுக்கையின்றி அரைக் கட்டணம், படுக்கையோடு முழுக் கட்டணம். வொண்டர்லா போன்ற பூங்காக்களிலோ வயதைப் பார்ப்பதில்லை, உயரத்தை அளக்கிறார்கள். ஒரே பயணத்தில் நம் மகள் ஓரிடத்தில் குழந்தையாகவும் இன்னோரிடத்தில் பெரியவளாகவும் ஆகிவிடுவது இப்படித்தான். எல்லாரது வயதையும் பிள்ளைகளின் உயரத்தையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு, விடுதியிடம் ‘ஐவருக்கும் சேர்த்து முழுத் தொகை, வரியுடன்’ என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தாகப் பெறுவதே பாதுகாப்பு. இரண்டு அறை எடுப்பதானால் இடையே கதவு உள்ள அறைகள் கிடைக்குமா என்று கேட்கலாம். இரவில் பாட்டி அழைத்தால் கேட்க வேண்டும்.

பல விடுதிகளில் அறை நண்பகல் 12 அல்லது 2 மணிக்கே கைக்கு வரும். காலை ஆறு மணிக்கு ரயிலிலிருந்து இறங்குவோர்க்கு இது பெரும் இடைவெளி. முன்கூட்டி அறை தரச் சில விடுதிகள் அரை நாள் வாடகை கேட்கும். உறுதியான பயணச்சீட்டு உள்ளோர் பல ரயில் நிலையங்களில் உள்ள ஓய்வறையை ஐ.ஆர்.சி.டி.சி. வழியே பதிவு செய்து, குளித்து உடைமாற்றிக்கொண்டு புறப்படலாம். எந்த நேரம் வந்தாலும் அதிலிருந்து 24 மணி நேரம் என்று கணக்கிடும் விடுதிகளும் இன்னும் இருக்கின்றன. விசாரித்துப் பார்க்கத் தகும்.

பணம் செலுத்துமுன்

2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. விடுதிகளோ அதற்கும் முன்பே பதிவை ஏற்கின்றன. பயணச்சீட்டு உறுதியாகும் முன் ‘ரத்து செய்தால் பணம் திரும்பாது’ என்ற மலிவு அறையை எடுப்பது, இல்லாத ரயிலை நம்பிப் பணம் கட்டுவதாகும். சற்று விலை கூடினாலும் திரும்பப் பெறக்கூடிய அறையை முதலில் எடுத்து, சீட்டு உறுதியான பிறகு தேவையானால் மாற்றிக்கொள்ளலாம். ரத்து செய்யக் கடைசி நாளை நாட்காட்டியில் குறித்துவைக்க வேண்டும். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வருவதற்கு நாளும் கிழமையும் கிடையாது.

விடுதியின் பெயரில் போலி இணையதளம் அமைத்து முன்பணம் பறிப்பது இன்று பரவலான மோசடி. தேடுபொறியில் முதலில் வரும் விளம்பரத்தை அப்படியே நம்பாமல், விடுதியின் வரவேற்பறை எண்ணுக்கு நாமே பேசிப் பதிவை உறுதிசெய்ய வேண்டும். யு.பி.ஐ. வழியே அனுப்பும்போது திரையில் தோன்றும் பெயர் விடுதியின் பெயரா, தனிநபர் பெயரா என்று பார்க்க வேண்டும். ‘ரத்துப் பணம் திருப்பி அனுப்புகிறோம், பின் எண்ணைப் போடுங்கள்’ என்று எவரேனும் சொன்னால் அழைப்பைத் துண்டித்துவிடலாம். பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் தேவையில்லை. ஏமாந்துவிட்டதாகத் தெரிந்த அந்த நிமிடமே 1930 என்ற தேசிய உதவி எண்ணுக்கும் தங்கள் வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். பணம் வேறு வேறு கணக்குகளுக்குத் தாவுவதற்குள் தடுக்க அதுவே வழி.

கடன் அட்டையில் ‘வட்டியில்லாத் தவணை’ என்று வருமிடத்தில் செயலாக்கக் கட்டணத்தையும், வட்டிப் பகுதிக்கு விதிக்கப்படும் 18 விழுக்காடு வரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாதச் சம்பளம் பெறுவோர் விடுதிப் பில்லை விடுப்புப் பயணச் சலுகைக்குக் காட்டலாமா என்று நம்மிடம் கேட்பதுண்டு. வருமான வரியில் அச்சலுகை போக்குவரத்துக் கட்டணத்துக்கு மட்டுமே. தங்குவதற்கும் உணவுக்கும் இல்லை. அதுவும் பழைய வரி முறையைத் தேர்ந்தவர்க்கே, நான்கு ஆண்டுத் தொகுதி ஒன்றில் இருமுறை. எனவே பயணச்சீட்டுகளைப் பத்திரப்படுத்த வேண்டும்.

வரவேற்பறையில் வயது வந்தோர் அனைவரும் அடையாளச் சான்று காட்ட வேண்டியிருக்கும். பாட்டியின் சான்றை ஊரிலேயே விட்டுவருவோர் பலர். ஆதார் நகல் கேட்டால், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுக்கலாம். அதைப் புறப்படும் முன் வீட்டிலேயே பதிவிறக்கிக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளலாம்.